அறியாது செய்த கேடும் அறிந்து தொடரும் கேடும்
(பாலாற்றை முன்னிட்டு ஓர் அறவிசாரணை)

வினை எனப்படுவது எண்ணமே என்பது பௌத்த நெறியில் அடியெடுத்து வைப்போர் முதன்முதற் கற்கும் பாடங்களுள் ஒன்று. கையும் வாயும் ஏவலாளர், மனமே ஏவுவோன். வழிநடப்பவன் காலடியில் அவன் அறியாமல் ஓர் எறும்பு நசுங்குமாயின் அவன் கொலைஞன் ஆகான். கொல்லக் கருதி ஒருவன் எறிந்த கல் குறி தவறிப் போயினும் அவன் உள்ளம் கறைப்பட்டதே ஆகும். பிறப்பாலும் சடங்காலும் வேள்வியாலும் நன்மை தீமைகளை அளந்துவந்த உலகத்துக்கு இவ்வுபதேசம் ஒரு பெரும் விடுதலையாய் அமைந்தது. நம்மனோர் இத்தம்மத்தைத் தழுவியதற்கும் இஃது ஒரு காரணமன்றோ?

ஆயினும் இக்கொள்கையைக் கைக்கொண்ட நாம் ஒரு வினாவுக்கு விடை கூறியே ஆகவேண்டும். ஒருவருமே கருதாமல் ஒரு பெருங்கேடு விளையுமாயின் அதன் பொறுப்பு யாரைச் சாரும்? ஓர் ஆறு அழிகின்றது. அதனை அழிக்கவேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. முதலாளி எண்ணியது இலாபம். தொழிலாளி எண்ணியது கூலி. அரசு எண்ணியது அந்நியச் செலாவணி. பாதரட்சை வாங்கியவன் எண்ணியது தன் பாதத்தின் சுகம். நால்வர் உள்ளத்திலும் கொலைநினைவு இல்லை. எனினும் நீர் கெட்டது, நிலம் உவர்த்தது, கிணறுகள் பாழாயின. வினை எண்ணமே எனின், எண்ணியவர் இல்லாத இக்கேடு வினையே அன்று என்று விட்டுவிடலாமோ? பாலாற்றின் வரலாற்றைக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலாற்றின் இயல்பு

பாலாறு கருநாடகத்தில் நந்திமலைப் பகுதியிற் பிறந்து, கோலார்ச் சீமையின் ஏரிகளை நிரப்பி, ஆந்திரத்தின் குப்பம் பகுதியைக் கடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தினுட் புகுகின்றது. அதன் நீளம் 348 கிலோமீட்டர். அதில் 93 கிலோமீட்டர் கருநாடகத்திலும், 33 கிலோமீட்டர் ஆந்திரத்திலும், எஞ்சிய 222 கிலோமீட்டர் தமிழகத்திலும் உள்ளன. ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு, காஞ்சிபுரம், செங்கற்பட்டு ஆகிய ஊர்ப்பக்கங்களைத் தழுவிச் சென்று, கல்பாக்கத்துக்கு அண்மையிலுள்ள வயலூரில் வங்கக்கடலைச் சேர்கின்றது. கோலார் தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் நீர்த்தேக்கம் இவ்வாற்றின்மேல் அமைந்ததே. தங்கவயலிலும் பெங்களூரிலும் வாழும் நம் குடும்பங்களுட் பல, வட ஆர்க்காட்டின் பாலாற்றங்கரை ஊர்களினின்று பிழைப்புத் தேடிச் சென்றவை. ஆதலின் மேலாற்றின் நீரைக் குடித்தவரும் நம்மவரே. கீழாற்றின் மணலில் நடந்தவரும் நம்மவரே.

ஒருபுறம் சவ்வாது மலை நீலமாய்த் தோன்ற, மறுபுறம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகள் அணிவகுத்து நிற்க, நடுவே அகன்ற வெண்மணற் பரப்பும், அதன் இருகரையிலும் தென்னந்தோப்பும், நெல்லும் கரும்பும் விளையும் கழனிகளுமாய் விளங்கிய பள்ளத்தாக்கு அது. பாலாறு ஆண்டு முழுதும் கரைபுரண்டு ஓடும் ஆறன்று. மழைக்காலத்திற் சின்னாள் பெருகிப் பின்னர் மணலுக்குள் மறைந்துவிடும். வெள்ளம் வந்தால் அதன் வலிமை பெரிது. 1903-ஆம் ஆண்டு நவம்பரில் மேலுள்ள ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியைப் பெரிதும் அழித்தது. 2021 நவம்பரில் மீண்டும் ஒரு பெருவெள்ளம் இவ்வாற்றில் ஓடியது. ஆனால் இவ்வாற்றின் உண்மையான செல்வம் வெள்ளமன்று, மணலே. ஆழ்ந்த மணற்படுகை மழைநீரை உறிஞ்சிக் காத்துவைத்து, கோடையிற் சிறிது சிறிதாய் வெளிவிடும். உழவர் மணலிற் கால்வாய் தோண்டி, ஊறிவரும் நீரை வாட்டமாய் வயலுக்கு நடத்திச் சென்றனர். ஊற்றுக்கால் என்று அதற்குப் பெயர். ஏற்றமும் வேண்டா, எந்திரமும் வேண்டா. மணலைத் திறந்தால் நீர் தானே வரும். ஊரார் கூடி ஆண்டுதோறும் ஊற்றுக்காலைத் தூரெடுப்பதும், நீரை முறைவைத்துப் பங்கிடுவதும் அப்பகுதியின் பழைய வழக்கம். கண்ணுக்கு வறண்டு தோன்றியும் உள்ளே ஈரம் காத்த ஆறு அது.

கேடு வந்த வழி

இவ்வாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாய் நடந்துவருகின்றது. முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் தோல் வாரக்கணக்கிற் கிடந்து பதமாகும். பின்னர்க் குரோமிய உப்பினாற் பதனிடும் முறை பரவிற்று. வாரங்கள் பிடித்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. 1970-களின் தொடக்கத்தில் இந்திய அரசு கச்சாத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் தோற்பொருளையும் அனுப்புமாறு ஊக்கியது. நாட்டில் வேலை பெருகவேண்டும் என்ற நல்ல கருத்தே அதற்கு அடிப்படை. அதே காலத்திற் செல்வ நாடுகள் பல, தோல் பதனிடும் வேலையின் அழுக்கான பகுதியைத் தம் மண்ணினின்று மெல்ல விலக்கிவந்தன. அங்கே விலக்கியது இங்கே வந்து சேர்ந்தது.

தொழிலின் முறையைச் சிறிது அறிதல் வேண்டும். உரித்த தோல் அழுகாதிருக்க அதன்மேல் உப்பைத் தூவி வைப்பர். ஆலைக்கு வந்ததும் முதலில் அதனை நீரில் ஊறவைப்பர். அப்பொழுது அவ்வுப்பு முழுதும் நீரிற் கரைந்து வெளியேறும். அடுத்துச் சுண்ணாம்பும் சல்பைடும் இட்டு மயிரை நீக்குவர். பின்னர்க் குரோமியத்திற் பதனிடுவர். ஒரு கிலோ தோலை முடிக்கச் சுமார் 35 லிட்டர் நீர் செலவாகும் என்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே குறிக்கப்பட்டுள்ளது. இந்நீர் பல்லாண்டுகளாய் வாய்க்காலிலும் ஏரியிலும் ஆற்றுமணலிலும் விடப்பட்டது. நீரைக் காத்துத் தந்த அதே மணல் நஞ்சையும் காத்துவைத்தது. குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் பெரும்பாலும் பிரித்தெடுத்துவிடலாம். உப்பைப் பிரித்தல் மிக அரிது, செலவும் மிகுதி. ஆகவே நிலத்தடி நீர் உவர்த்தது. அந்நீர் பாய்ந்த கழனியில் நெல் கருகியது. தென்னை காய் சிறுத்தது. ஊர்க்கிணறு கை கழுவவும் உதவாதாயிற்று.

இராணிப்பேட்டையில் 1970-களில் தொடங்கி 1990-களில் மூடப்பட்ட ஒரு குரோமிய இரசாயன ஆலை, ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவைத் திறந்தவெளியில் விட்டுச்சென்றது. அக்கழிவிலுள்ள அறுபிணைப்புக் குரோமியம் மிகக் கொடிய நஞ்சு. ஆலை மூடப்பட்ட பின்னும் மழைதோறும் அக்குவியல் கசிந்தது. தங்கவயலில் வாழ்வோருக்கு இது புதுமையன்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியிற் சுரங்கங்கள் மூடப்பட்டன; தங்கம் போனவிடம் போயிற்று; சயனைடு மண்மேடுகள் மட்டும் அங்கே நிற்கின்றன, காற்றடிக்குந்தோறும் குடியிருப்புகளின்மேல் புழுதியைத் தூவுகின்றன. இலாபம் ஓரிடம் செல்லும். எச்சம் உழைத்தவன் வாயிலில் நிற்கும்.

தோல் ஒன்றே குற்றவாளி என்று கூறுதல் நேர்மையாகாது. கட்டடத்துக்காக ஆற்றுமணலை அளவின்றி அள்ளியதால் படுகை தாழ்ந்தது, ஊற்றுக்கால்கள் வற்றின. ஆழ்துளைக் கிணறுகள் எஞ்சிய நீரை இழுத்தன. நகரங்களின் சாக்கடை ஆற்றில் விழுகின்றது. மேலாற்றில் எழுந்த அணைகளும் தடுப்பணைகளும் வெள்ளத்தைக் குறைத்தன. 1892-ஆம் ஆண்டில் மைசூர், சென்னை அரசுகள் செய்துகொண்ட உடன்படிக்கையைக் காட்டி மாநிலங்கள் இன்றும் வழக்காடுகின்றன. சாக்கியரும் கோலியரும் உரோகிணி ஆற்று நீருக்காகப் படைதிரட்டிய கதையை நாம் அறிவோம். அன்று பகவான் நடுவே நின்று, நீரின் விலை பெரிதோ மனிதர் குருதியின் விலை பெரிதோ என்று வினவி இருதிறத்தாரையும் அமைதிப்படுத்தினார் என்பர். அன்று பங்கிடுவதற்கேனும் ஆற்றில் நல்ல நீர் இருந்தது. இன்று பங்கைப் பற்றிய வழக்கு நடக்கையிலேயே பங்கிடவேண்டிய பொருள் கெட்டுவருகின்றது.

எண்ணம் என்பது எது?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். கெடுக்கும் எண்ணம் இல்லாதவிடத்து வினை உண்டோ?

மிலிந்த மன்னன் நாகசேனத் தேரரிடம் ஒருமுறை ஒரு கேள்வி கேட்டான்: அறிந்து தீமை செய்பவன், அறியாமல் தீமை செய்பவன் ஆகிய இருவருள் யாருக்குக் கேடு மிகுதி? அறியாமற் செய்பவனுக்கே என்றார் தேரர். மன்னன் வியந்தான். அரண்மனையில் அறியாமற் பிழைத்தவனுக்கு இரட்டிப்புத் தண்டனை தருவதோ என்றான். அதற்குத் தேரர், பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையை அறிந்து தொடுபவன், அறியாமற் பற்றுபவன் ஆகிய இருவருள் யாருக்குக் கை மிகுதியாய் வேகும் என்று வினவினார். அறியாமற் பற்றியவனுக்கே என்று மன்னன் ஒப்புக்கொண்டான்.

இவ்வுவமை முதலில் முரணாகத் தோன்றும். எண்ணமே வினை என்ற தம்மம், அறியாதவனுக்குக் கேடு மிகுதி என்று கூறுவானேன்? ஆழ்ந்து நோக்கின் முரண் இல்லை. தண்டிப்பதைப் பற்றி மன்னன் கேட்டான். வேகுவதைப் பற்றித் தேரர் விடையிறுத்தார். அறிந்தவன் அஞ்சி விரல்நுனியால் தொடுவான்; அறியாதவன் முழுக்கையாற் பற்றுவான். அறியாமை நெருப்பைக் குளிரச் செய்வதில்லை. குரோமியமும் உப்பும் விடுவோனுடைய மனநிலையைக் கேட்டுப் பின்னர் மண்ணில் இறங்குபவையல்ல. ஆகவே அறியாமை பழியைக் குறைக்கலாம்; கேட்டைக் குறைப்பதில்லை. கேடு குறையவேண்டுமாயின் அறியாமை நீங்கவேண்டும். அறியாமையைத் துன்பத்தின் வேர் என்று நம் தம்மம் கூறுவது வீணன்று.

இரண்டாவது கருத்து இன்னும் முக்கியமானது. எண்ணம் என்பது செயலின் தொடக்கத்தில் ஒருகணம் மின்னி மறைவதோ? அம்பலத்திகையில் தம் மைந்தர் இராகுலருக்குப் பகவான் அருளிய உபதேசத்தை நினைவுகூர்க. கண்ணாடி எதற்கு என்று கேட்டார்; முகத்தை நோக்குதற்கு என்றார் இராகுலர். அவ்வாறே ஒவ்வொரு செயலையும் நோக்கி நோக்கிச் செய்யவேண்டும் என்று உபதேசித்தார். செய்யுமுன் நோக்குக, செய்துகொண்டிருக்கும்போதே நோக்குக, செய்து முடித்தபின்னும் நோக்குக. தனக்கோ, பிறர்க்கோ, இருவர்க்குமோ துன்பம் விளைப்பதாயின் தொடங்காதொழிக, தொடங்கியதாயின் நிறுத்துக, முடித்ததாயின் மறைக்காமல் வெளிப்படுத்தி இனிச் செய்யாது காத்துக்கொள்க. இதுவே அதன் சாரம்.

இம்மூன்று நோக்கையும் பாலாற்றுக்குப் பொருத்திப் பார்ப்போம். முதல் தொட்டியை அமைத்தவன், இந்நீர் முப்பது ஆண்டில் ஊர்க்கிணற்றைக் கெடுக்கும் என்பதை அறியாதிருந்திருக்கலாம். அவனை நாம் பழிக்க வேண்டுவதில்லை. ஆனால் கிணற்றுநீர் நிறம் மாறிய நாளில், பக்கத்துக் கழனி வெளுத்த நாளில், ஊரார் வந்து முறையிட்ட நாளில், அவன் அறிந்துவிட்டான். அதன்பின் மறுநாட் காலையில் அதே மடையைத் திறந்தவன் பழைய செயலைத் தொடர்ந்தவனல்லன். புதிய வினையைத் தொடங்கியவன். கை அதே கைதான், மடை அதே மடைதான், எண்ணமோ வேறு. நேற்று அவன் எண்ணியது இலாபம் மட்டுமே. இன்று அவன் எண்ணுவது, கேடு வந்தாலும் இலாபம் என்பது. எண்ணமே வினை என்ற கொள்கை இவனை விடுவிக்கவில்லை, இவனைத்தான் பிடித்துக்கொள்கின்றது.

ஆகவே நாம் காணும் விடை இது: கேடு செய்யும் எண்ணமின்றிக் கேடு தொடங்கலாம், எண்ணமின்றி அது தொடர்தல் இயலாது. அறிந்த நாள்முதல் தொடர்வது ஒவ்வொன்றும் எண்ணிச் செய்யும் வினையே.

நீதிமன்றம் கண்ட நெறி

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தோல் தொழிற் பகுதியிற் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதுமாகவோ பயிருக்குதவாததாயிற்று என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டதாக அத்தீர்ப்புக் குறிக்கின்றது. தீர்ப்பு மூன்று நெறிகளை நாட்டின் சட்டமாக ஏற்றது. கேடு வரும் என்று ஐயமறத் தெரியுமுன்னரே தடுத்தல் வேண்டும் என்பது ஒன்று. மாசு செய்தவரே அதற்கு ஈடுசெய்து, கெட்டதைச் சீராக்கவும் வேண்டும் என்பது மற்றொன்று. தன் செயல் தீங்கற்றது என்று காட்டும் கடமை செய்பவனையே சாரும் என்பது மூன்றாவது. தோல் ஆலை ஒவ்வொன்றும் பதினாயிரம் ரூபாய் அபராதம் செலுத்தவும், சுத்திகரிப்புக்கு வழி செய்யாதவை மூடப்படவும் ஆணை பிறந்தது.

இவை சட்ட நூலில் புதியன. இராகுலருக்கு அருளிய உபதேசத்தைக் கற்றவர்க்கோ பழகிய குரலாய் ஒலிப்பன. முன்னெச்சரிக்கை என்பது செய்யுமுன் நோக்குதல். ஈடுசெய்தல் என்பது செய்தபின் நோக்குதல். தன் செயலைத் தானே மெய்ப்பித்தல் என்பது கண்ணாடியைப் பிறர் கையில் விடாது தன் கையில் ஏந்துதல். நீதிபதிகள் அவ்வுபதேசத்தை முன்வைத்துத் தீர்ப்பெழுதினர் என்று நாம் கூறவில்லை. நேர்மையாய்ச் சிந்திப்போர் எவ்வழியிற் சென்றாலும் ஓரிடத்தே சேர்வர் என்பதே நாம் கூறுவது.

ஆயினும் அறிந்தபின் தொடரும் கேடு தீர்ப்போடு நிற்கவில்லை. நீதிமன்ற ஆணைப்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001-ஆம் ஆண்டில், 29,000-க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்று கணித்தது. 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, எஞ்சிய இழப்பீட்டைத் தந்து அதனை மாசு செய்தோரிடம் வசூலிக்கவும், ஆற்றைச் சீராக்க ஒரு குழு அமைக்கவும் ஆணையிட வேண்டியதாயிற்று. முறையீட்டுக்கும் இவ்வாணைக்கும் இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள். முறையிட்ட நாளிற் பிறந்த குழந்தை இன்று குழந்தைகளைப் பெற்றிருக்கும்.

எது தீட்டு?

இவ்விடத்தில் நம்மனோர்க்கே உரிய ஒரு சிந்தனை உண்டு. தோலைத் தொட்டவன் தீட்டானவன் என்று இந்நாடு நெடுங்காலம் கூறிவந்தது. அவன் குடித்தால் குளம் கெடும், இறங்கினால் கிணறு கெடும் என்றது. 1927 மார்ச்சு 20-ஆம் நாள் போதிசத்துவர் அம்பேத்கர் மகாடு நகரின் சவுதார் குளத்து நீரை ஆயிரக்கணக்கான மக்களோடு சென்று பருகினார். உடனே வைதிகர் 108 குடங்களில் நீரை முகந்து வெளியேற்றி, பாலும் தயிரும் கோமயமும் கோசலமும் கலந்து குளத்தைத் தூய்மை செய்ததாய் அமைந்தனர். மனிதன் தொட்டதால் அக்குளத்து நீரில் ஒரு துளியும் மாறவில்லை. மாறாத நீரைத் தூய்மை செய்ய அத்தனை விரைவு!

பாலாற்றிலோ நீர் மெய்யாகவே மாறியது. நாவால் அறியலாம், பயிரால் அறியலாம், ஆய்வுக்கூடத்தில் அளந்தும் அறியலாம். இதனைத் தூய்மை செய்ய எவரும் குடத்தோடு விரைந்து வரவில்லை. பொய்யான தீட்டுக்கு ஒரு நாளும் பொறுக்காத சமுதாயம் மெய்யான மாசினை அரை நூற்றாண்டு பொறுத்திருந்தது. இன்னுமொன்று: அந்நாளில் தோல் ஆலைகள் நிறைந்திருந்த அம்மாவட்டம், 1989 முதல் சில ஆண்டுகள் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றே பெயர் தாங்கியிருந்தது. நீருரிமைக்காகப் போராடிய பெருமகனின் பெயரைச் சூட்டிய மாவட்டத்தில் குடிநீர் கெட்டது. நீரை முகக்கும் உரிமையைப் பெற்ற ஒருவன், கிணற்றங்கரைக்குச் சென்று, குடிக்கத்தகாத நீரைக் காண்பானாயின் அவன் பெற்ற உரிமை யாது?

பிறப்பினால் எவனும் புலையன் ஆகான், செயலினாலேயே ஆவான் என்பது பகவானின் வாக்கு. அதனை நீருக்கும் பொருத்துக. தோலைத் தொட்டுக் கூலிக்கு உழைப்பவன் நீரைத் தீட்டாக்குபவனல்லன். நஞ்சென்று அறிந்தும் அதனை ஊர்நீரில் விடுபவனும், விட அனுமதிப்பவனுமே நீரை மாசாக்குவோர். பிக்குகள் நீரில் எச்சில் உமிழ்தலும் மலசலம் கழித்தலும் ஆகா என்று விநயத்திலேயே விதி உண்டு. எச்சிலையே விலக்கிய நெறியில், ஆலைக்கழிவுக்கு இடமேது?

வயிறும் ஆறும்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆலைகளை மூடினால் அங்கு உழைக்கும் ஏழைகளின் கதி என்ன? தோல் ஆலையிலும் பாதரட்சைத் தொழிற்சாலையிலும் உழைப்போரில் நம் மக்களும் பெண்களும் ஏராளம். ஆற்றின் அழகைப் பேசுவது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு ஆகாதோ?

இம்மறுப்பை அலட்சியம் செய்தல் கூடாது. பசித்தவனுக்கு முதலில் உணவளித்து அதன்பின் தம்மம் உரைத்தவர் நம் பகவான். ஆயினும் வயிறா ஆறா என்று வினாவை அமைப்பதே பிழை. ஆறு கெட்டால் முதலில் வருந்துபவன் யார்? வசதியுள்ளவன் கேனில் அடைத்த நீரை விலைக்கு வாங்குவான்; ஏழையின் பெண்மக்களே குடத்தோடு நெடுந்தொலைவு நடப்பர். நிலம் கெட்டால் நிலவுடையவனுக்கு ஏக்கர்க் கணக்கில் இழப்பைக் கணித்தல் எளிது. அந்நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்த நிலமற்றவளின் இழப்பை எந்த அளவுகோலால் அளப்பது? ஆலைக்குள்ளே வருந்துபவனும் ஏழையே. 2015 ஜனவரி 31-ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஒரு கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவுச்சேற்றில் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் வங்காளத்தினின்று பிழைக்க வந்தவர். ஆற்றைக் காவாத தொழில் தன் தொழிலாளியையும் காப்பதில்லை.

நீதிமன்ற ஆணைக்குப்பின் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன, கழிவுநீரை வெளியே விடாது மீண்டும் பயன்படுத்தும் முறைகளும் வந்தன, தொழிலும் நடைபெறுகின்றது. அவற்றிற் குறைகள் உண்டு. எனினும் அவை ஓர் உண்மையைக் காட்டுகின்றன. போட்டி தொழிலுக்கும் ஆற்றுக்கும் இடையே அன்று. இலாபத்துக்கும் செலவுக்கும் இடையேதான். செலவைத் தான் ஏற்காதவன் அதனை ஆற்றின்மேல் ஏற்றினான். ஆறு அதனைக் கிணற்றின்மேல் ஏற்றியது. கிணறு ஏழையின் வயிற்றின்மேல் ஏற்றியது.

ஆயுதம், உயிர்கள், ஊன், மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிகத்தை உபாசகன் விலக்கவேண்டும் என்பது நல்வாழ்க்கையின் இலக்கணம். தோல் பதனிடுதல் இவ்வைந்தினுள் எண்ணப்படவில்லை. அதில் உழைப்பவன் தலைகுனிய வேண்டுவதும் இல்லை. ஆனால் பண்டத்தை விற்று, அதனோடு நஞ்சை விலையின்றி அயலானுக்கு வழங்குவது எவ்வகை வாணிகம்? நஞ்சை விற்பதே தகாது எனின், வேண்டாதவன் கிணற்றில் அதனை இலவசமாய் இடுதல் தகுமோ?

பொறுப்பின் அளவு

இவ்வளவும் கூறியபின், எல்லோரும் பொறுப்பு என்று முடிப்பது எளிது. எல்லோரும் பொறுப்பு என்னும் சொல் பெரும்பாலும் ஒருவரும் பொறுப்பல்லர் என்றே முடியும். பொறுப்பை இரண்டால் அளக்கவேண்டும்: ஒருவன் எவ்வளவு அறிந்தான்? அறிந்ததை மாற்ற அவனால் எவ்வளவு இயலும்? கூலியாள் அறிவான், மாற்றும் வலிமை இல்லாதவன்; அவன் பொறுப்புச் சிறிது. முதலாளி அறிவான், மாற்றவும் வல்லான். அவன் பொறுப்புப் பெரிது. காக்கவென்றே ஊதியம் பெறும் அதிகாரியும் அரசும் அறிந்தும் கண்மூடியிருப்பாராயின் அவர் பொறுப்பு அதனினும் குறைந்ததன்று. கடல் கடந்து பாதரட்சை வாங்குபவன் அறியான், கேட்டால் அறியக்கூடியவன். கேளாதிருப்பதும் ஓர் எண்ணமே.

நாமோ? நாம் இப்பொழுது அறிந்தவர் கூட்டத்திற் சேர்ந்துவிட்டோம். நம்மால் இயன்றது சிறிதாயினும் உண்டு. நம் ஊர்க்கிணற்று நீரை ஆய்வுக்கு அனுப்பி, அதன் முடிவைச் சங்கத்தின் பதிவேட்டில் எழுதிவைக்கலாம். எழுதாத துன்பத்தை எந்த நீதிமன்றமும் அளப்பதில்லை. கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம். ஆற்றுமணலை அள்ளும் கூலிக்கும் அதனை வாங்கும் விலைக்கும் நம் இளைஞர் கைநீட்டாதிருக்கச் செய்யலாம். ஆலையில் உழைப்போருக்குக் கையுறையும் காப்பும் கேட்டுப் போராடும் பொழுது, கழிவுநீர் எங்கே செல்கின்றது என்ற கேள்வியையும் அதே மனுவில் சேர்க்கலாம்.

பாலாறு இன்னும் முற்றும் மாளவில்லை. 2021-ஆம் ஆண்டு வெள்ளத்தின்போது பல்லாண்டாய் வறண்டு கிடந்த மணல் நனைந்ததைக் கரையோர மக்கள் கண்டனர். மழை தன் கடமையை மறக்கவில்லை. மணலும் உறிஞ்ச மறக்கவில்லை. மறந்தவன் மனிதனே. நாளைக் காலையிலும் எங்கோ ஒரு மடை திறக்கப்படும். திறக்கும் கைக்கு உரியவன் அதன் விளைவை அறிவான். திறப்பதைக் காணும் நாமும் அறிவோம். அந்நேரத்தில் அவன் செய்வதும் வினை. நாம் பேசாதிருப்பின் அதுவும் வினை.